WA என்றால் கல்யாண ஆல்பம் இல்லை

சாமி,

போன வாரம் ஒரு லென்ஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அம்மா, இதுல 40-க்குப் பக்கத்துல WA-ன்னு போட்டிருக்குதே, என்ன அர்த்தம்? வாட்ஸ்அப்பா?" என்று கேட்டிருந்தாய். கூடவே சிரிக்கிற பொம்மை இரண்டு. நான் பார்த்தேன், பதில் போடவில்லை. மறுநாள் போனில், "படிச்சுட்டுப் பதிலே போடலியேம்மா" என்றாய். "அடுப்புல வேலையா இருக்கறேன் சாமி, அப்பறம் சொல்றேன்" என்றேன். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. உன் அப்பா ஸ்டுடியோக் கடையில் இருந்தார், நான் கட்டிலில் உட்கார்ந்து உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம் சொல்லப் போனால் இன்னும் என்னென்னவோ சொல்ல வேண்டியிருக்கும். அதைப் போனில் தட்ட எனக்கு விரல் வரவில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பத்திரிகைக்கு மஞ்சள் வைத்த விரலோடுதான் எழுதுகிறேன், தாளின் ஓரம் மஞ்சளாக இருந்தால் அழுக்கு என்று நினைத்துக்கொள்ளாதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். லென்ஸின் நெற்றியில் எண்ணோடு சில எழுத்துகளும் செதுக்கியிருப்பார்கள். EL என்றிருந்தால் அது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற என்லார்ஜருக்கென்று செய்த லென்ஸ். N என்றால் பெரும்பாலும் அதே லென்ஸ் பிறகு திருத்தி வந்த வகை. எங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் அது நாமக்கல் என்று சொல்லி ரொம்ப நாள் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். G என்றால் சுவர் அளவுக்குப் பெரிதாகப் போடுகிற படத்துக்கு. சின்னப் படத்துக்கு மாட்டினால் அது தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாது. D என்றால் இருக்கிற அளவிலேயே நகல் எடுக்க. Apo என்று ஒன்று உண்டு. அதை உன் அப்பா 'அப்போ' என்று படித்துவிட்டு, "அப்ப இது அந்தக் காலத்து லென்ஸாட்ட இருக்குது" என்றார். நிறங்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும்படி திருத்திய உயர்ந்த லென்ஸ் அது, நம் கடை வாசப்படியை மிதித்ததே இல்லை. S என்றால் ஒரு கம்பெனிக்கு மேம்பட்ட வகை, இன்னொரு கம்பெனிக்கு வேறு ஏதோ. இதில் நீ மனதில் வைக்க வேண்டியது இதுதான். ஒரே எழுத்து எல்லார் கையிலும் ஒரே பொருளைச் சொல்லாது. செதுக்கினவன் என்ன நினைத்துச் செதுக்கினான் என்று அவனுடைய காகிதத்தைப் பார்த்தோ, தெரிந்தவரைக் கேட்டோதான் தெரிந்துகொள்ள வேண்டும். நாமாக ஒரு அர்த்தத்தை நினைத்துக்கொண்டால் அதுவும் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரியே இருக்கும்.

WA என்றால் வைட் ஆங்கிள். சாதாரணமாக 35 எம்.எம். பிலிமுக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ், 120 பிலிமின் சதுர நெகட்டிவுக்கு எழுபத்தைந்து அல்லது எண்பது. WA போட்ட நாற்பது, அந்தச் சின்ன 35 நெகட்டிவை ஓரம் வரைக்கும் காட்டும். அதோடு என்லார்ஜரின் தலையை ரொம்ப உயர்த்தாமலேயே பெரிய படம் விழும், கூரை தாழ்ந்த அறைக்கு அது ஒரு வரம். ஆனால் சதுர நெகட்டிவை அதில் வைத்தால் நடுவில் வட்டமாக இருக்கிற பாகம்தான் காகிதத்தில் விழும், ஓரத்துக்கு வெளிச்சம் எட்டாது. வெளிச்சம் படாத காகிதம் வெள்ளையாகவே நின்றுவிடும். சதுரத்துக்கென்று அறுபதில் ஒரு WA தனியாக உண்டு, அது வேறு. இவ்வளவுதான் பதில். சொல்ல ஐந்து நிமிடம் போதும், எனக்கு முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகியிருக்கிறது.

போன மாதம் பெங்களூரில் டார்க் ரூம் போடுவதற்கென்று நீ கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போனாயே, அந்த என்லார்ஜர் நின்ற அறையை நீ பழைய சாமான் அறையாகத்தான் பார்த்திருக்கிறாய். எனக்கு அது வேறு. உன் அப்பா படம் எடுப்பார், கழுவிப் பிரிண்ட் போடுவது நான். டெவலப்பர், ஹைப்போ மருந்து வாடை அவருக்கு ஆகாது, இரண்டு நிமிடம் உள்ளே நின்றால் மூச்சு இழுக்கும். அதனால் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். மத்தியானம் சமையலை முடித்துவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். வெளியே சேலம்–நாமக்கல் ரோடு வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளே ஒரு சிவப்பு பல்பு. லோடு லாரி போனால் தரை அதிரும், என்லார்ஜரும் சேர்ந்து அதிரும், படம் கலங்கிவிடும். ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் கிடைக்கிற இடைவெளியில்தான் வெளிச்சம் கொடுக்க வேண்டும். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். சத்தம் அடங்கியதும் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணுவேன். பிறகு காகிதத்தை மருந்து ட்ரேயில் நழுவவிட்டால், ஒன்றுமில்லாத வெள்ளையிலிருந்து முதலில் முடி வரும், பிறகு புருவம், பிறகு கண். யாரோ தூக்கத்திலிருந்து மெல்ல எழுந்து வந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். எத்தனை ஆயிரம் முகம் அப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் எனக்கு மனது ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டு வரும். சில நாள் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருக்கும்.

சேலத்தில் ஒரு ஸ்டுடியோவைக் காலி செய்தபோது உன் அப்பா கொஞ்சம் சாமான் வாங்கி வந்தார். அதில்தான் இந்த லென்ஸும் வந்தது, உருண்டையான ஒரு டப்பாவில், ஜெர்மனியில் செய்தது. எங்களிடம் இருந்த எண்பது எம்.எம். லென்ஸில் அப்போது பூஞ்சை பிடித்து எல்லாப் படமும் மங்கலாக வந்துகொண்டிருந்தது. "இதைப் போட்டுப் பாரு புள்ள" என்று கொடுத்தார். "ஏனுங்க, WA-ன்னு போட்டிருக்குதுங்களே" என்றேன். "நீதான பத்தாவது வரைக்கும் படிச்சவ, சொல்லு" என்றார். நான் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. "வெட்டிங் ஆல்பமுங்க" என்றேன். மாட்டி, ஒரு மாப்பிள்ளை பெண் படத்தைப் போட்டேன். நடுவில் இரண்டு பேரும் தெளிவாக, சுற்றிலும் எல்லாம் வெள்ளையாகக் கரைந்து, மேகத்துக்குள் நிற்கிற மாதிரி வந்தது. அந்தக் காலத்தில் கல்யாணப் படத்துக்கு அப்படி மேகம் போட்டுக் கொடுப்பது ஒரு மோஸ்தர், அட்டையை வெட்டி மேலே பிடித்து ஆட்டி ஆட்டிப் போடுவார்கள். இது தானாகவே போடுகிறதே என்று எனக்கு ஆச்சரியம். கல்யாணத்துக்கென்றே செய்த லென்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. ராசிபுரம் வரைக்கும் செய்தி போனது. "அந்தக் கல்யாண லென்ஸ்ல போட்டுக் குடுங்க" என்று பெண் வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் தெரியுமா. உன் அப்பாவே யார் கேட்டாலும், "அதெல்லாம் ஊட்டுல கேட்டாத்தான் தெரியும்" என்று சொல்வார்.

அப்போதுதான் உன் சித்தப்பா கல்யாணம். நீ ஒரு வயதுக் குழந்தை. உன் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாழப்பாடியிலிருந்து மூன்று நாள் முன்னாலேயே வந்துவிட்டார். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீர் அவர் கையால்தான் நடந்தது, அன்றைக்கு மண்டபத்தில் அவர்தான் ராணி. அத்தையின் வீட்டுக்காரர், உன் மாமா மட்டும் வரவில்லை. அவர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தார், வடக்கே எங்கேயோ போனால் ஆறு மாதம் ஊர்ப்பக்கம் தலை காட்ட முடியாது. முகூர்த்தம் முடிந்து, உன் அப்பா ஸ்டாண்டில் கேமராவை வைத்துக் குடும்பத்தை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்த நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். இரண்டு லாரி மாறி, கிரீஸ் பிடித்த வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். பெண் வீட்டார் வசதியானவர்கள், எல்லாரும் பட்டும் வெள்ளையுமாக நின்றார்கள். "நான் அப்பறம் நின்னுக்கறேன் மாப்பிள்ளை, சட்டை மாத்தீட்டு வாரேன்" என்றார் மாமா, உன் அப்பாவிடம். உன் அப்பா விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க மாமா, அக்கா பக்கத்துல வந்து நில்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக் கடைசியில் நிறுத்தினார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அந்த நிமிடம் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

கலர் படமெல்லாம் சேலம் லேப்புக்குப் போனது. குடும்பக் குரூப் மட்டும் கருப்பு வெள்ளை, அதை நானே போட்டேன், கல்யாண லென்ஸில். ட்ரேயில் எல்லாரும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். இரண்டு ஓரமும் மேகமாகக் கரைந்திருந்தது. மாப்பிள்ளை பெண் படத்துக்கு அழகாக இருந்த மேகம் குரூப்புக்கு அழகாக இல்லை. வலது ஓரத்தில் வெள்ளைக்குள் சாம்பலாக ஏதோ ஒரு நிழல், தூணா ஆளா என்று கூடத் தெரியவில்லை. வெளியே தூளியில் நீ முழித்துக்கொண்டு அழுதாய். உன்னைக் காரணம் சொல்லவில்லை, நான் நிதானமாகப் பார்த்திருக்கலாம். நெகட்டிவை எடுத்து ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்திருந்தால் போதும். நான் கட்டரை எடுத்து, இரண்டு பக்கமும் மங்கலாக இருந்ததை நேராக வெட்டிவிட்டு, எட்டுப் பிரதி போட்டு, எட்டையும் அதே அளவுக்கு வெட்டி அட்டையில் ஒட்டினேன்.

அத்தை பிரதியை வாங்கக் கடைக்கு வந்தார். பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "தம்பி, எல்லாரும் இருக்கறாங்க. எங்கூட்டுக்காரரை எங்க காணோம்?" என்றார். உன் அப்பா வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். "உள்ளதாங்க்கா நிக்க வெச்சேன். அவசரத்துல வெளிய போயிருச்சாட்ட இருக்குது" என்றார். அத்தை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கிரீஸ் சட்டையோட நின்னாருன்னு வெட்டிப்போட்டயா தம்பி? அவரே அப்பறம் நிக்கறன்னு சொன்னாரல்லோ. நீதான கையைப் புடிச்சு இழுத்தே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, படத்தை மேசை மேலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். நான் உள்ளே கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். ஓரத்தை வெட்டியது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த நிழல் மாமாவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பை நானே அமுக்கிவிட்டேன். கேமராவில்தான் வெளியே போயிருக்கும் என்று அவரே சொல்கிறாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் மாமா வடக்கே வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். உடம்பு வந்து சேர மூன்று நாள் ஆனது. அவருக்கு என்று ஒரு படம் கிடையாது. எப்போதும் வண்டி மேலே இருந்த மனிதரை யார் படம் எடுத்தார்கள். டிரைவிங் லைசென்ஸில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படத்தைத்தான் கொடுத்தனுப்பினார்கள். அதை நகலெடுத்து, பெரிதாக்கி, மாலை போடுகிற அளவுக்குக் கொண்டுவந்தது நான். அவ்வளவு சின்னதைப் பெரிதாக்கினால் முகம் எங்கே வரும், மணல் மணலாகத்தான் வந்தது. என்னால் முடிந்த வரைக்கும் பென்சிலால் சரிசெய்தேன். அந்த அறையில், என் முழங்கைக்கு எட்டுகிற பலகையில், அவர் முழுதாக நிற்கிற நெகட்டிவ் பட்டர் பேப்பர் கவருக்குள் இருந்தது சாமி. அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்பதுதான் நான் என்னைத் தேற்றிக்கொள்ள வைத்திருந்த ஒரே வார்த்தை, அதுவும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம். சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் என்லார்ஜர் பல்பு ஹோல்டரைச் சரிசெய்ய வந்தார். லென்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை எந்த நெகட்டிவுக்குப் போடறீங்க?" என்று கேட்டார். "கல்யாணத்துக்குங்க, 120-க்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். "இது வைட் ஆங்கிளும்மா. சின்ன நெகட்டிவுக்குத்தான் பத்தும். சதுரத்துக்குப் போட்டா சுத்திலும் விழாது, வெள்ளையாத்தான் நிக்கும். ஆளே இருந்தாலும் காணாமப் போயிரும்" என்றார். எண்பது லென்ஸைப் பிரித்துப் பூஞ்சையைத் துடைத்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் நான் கவரைத் தேடி எடுத்து ஜன்னலில் பிடித்தேன். வரிசையின் கடைசியில், ஓரத்துக்கு இன்னும் ஒரு நூல் இடம் மிச்சமிருக்க, மாமா நின்றுகொண்டிருந்தார். உன் அப்பா அவரைச் சரியாகத்தான் நிறுத்தியிருந்தார். கேமரா அவரைப் பார்த்திருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அத்தை என்னைத் திட்டியிருப்பார். உன் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார். கல்யாண லென்ஸ் என்று ஊரெல்லாம் சொன்ன பெருமை போயிருக்கும். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு அது மலையாகத் தெரிந்தது. இறந்துபோன மனிதரைப் பற்றி இப்போது போய் எப்படிச் சொல்வது, அவருடைய வருட நினைவுக்குச் சாமி கும்பிட்டு முடியட்டும், பொங்கல் போகட்டும், உன் காதுகுத்து முடியட்டும் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, தப்பை விடச் சொல்லாமல் இருந்தது பெரிதாகிவிட்டது. பிறகு அதைச் சொல்லவே முடியாது என்று ஆகிவிட்டது. உனக்கு இதைப் புத்திமதியாகச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம். கல்யாணம் ஆன புதிதில் ஏதாவது கை தவறிப் போகும். போன அன்றைக்கே, சோறு ஆறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. அடுத்த நாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே, அந்தக் காலை எனக்கு இத்தனை வருடம் வரவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டிக்கொள்ளப் போகிற பெண் "சரி" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உன் அம்மா சொன்ன 'சரி'யை வைத்துக் கணக்குப் போடாதே. உன் அப்பா "சரி" என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். உன் அத்தை "சரி" என்றால் இனிமேல் பேசாதே என்று அர்த்தம். நான் "சரி" என்றால் அடுப்பில் வேலை இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அந்த மாதிரி ஒரு சாக்கு. அந்தப் பெண்ணின் 'சரி' வேறாக இருக்கும். தெரியாவிட்டால் கேள், வெட்கப்படாதே. எல்லாம் பொருந்துகிறதே என்று நினைத்துக்கொண்டு கட்டரை எடுக்காதே.

நீ சின்ன வயதிலிருந்து இரண்டு விஷயத்துக்குச் சிரிப்பாய். அப்பா எடுத்த படத்திலெல்லாம் பாதி வானமும் பாதிச் சுவரும்தான் இருக்கிறது, ஆள் நடுவில் எறும்பு மாதிரி நிற்கிறார்கள் என்பாய். அந்தக் குரூப்புக்குப் பிறகுதான் அவர் அப்படி ஆனார். யாரை நிறுத்தினாலும், "இன்னுங் கொஞ்சம் உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று தோளோடு தோள் இடிக்கிற வரைக்கும் விடமாட்டார். லாரி பாடி கட்டுகிறவர்கள் புது வண்டியைப் படம் எடுக்கச் சொன்னால் கூட வண்டியைச் சுற்றி ஒரு ஏக்கர் இடம் விட்டு எடுத்து வருவார், அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தன் கண்ணை நம்பாமல் போன மனிதர் அவர். இன்னொன்று, அத்தை ஏன் எந்தப் படத்திலும் இல்லை என்பாய். உன் காதுகுத்துக்கு வந்தார், பாட்டுப் பாடினார், பந்தியில் பரிமாறினார். உன் அப்பா கேமராவைத் தூக்கியதும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். எல்லா விசேஷத்திலும் அப்படித்தான். சண்டை இல்லை, பேச்சு இருந்தது, தம்பி என்றால் உயிர்தான். தம்பி கேமராவுக்கு முன்னால் மட்டும் நிற்கமாட்டார். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் அந்த இடைவெளியை வெட்டிவைத்தது நான் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

உன் படத்தைப் பார்த்த நான்காவது நாள் காலை, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். உன் அப்பா கம்ப்யூட்டரில் யாருடைய பாஸ்போர்ட் படத்துக்கோ பின்னணியை நீலமாக்கிக்கொண்டிருந்தார். நெகட்டிவை மேசையில் வைத்தேன். WA-விலிருந்து ஆரம்பித்துக் கட்டர் வரைக்கும் சொன்னேன்.  அவர் நெகட்டிவை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார், கை இறங்கவே இல்லை. பிறகு, "அப்ப நான் சரியாத்தான் நிக்க வெச்சிருந்தனா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "உள்ளதான் நிக்கறாரு" என்றார். "ஆமாங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சரியாத்தான் நிக்க வெச்சிருந்தனா புள்ள?" என்றார். கோபம் பிறகுதான் வந்தது. "எத்தனை தடவை கேட்டிருப்பேன், எப்புடி வெளிய போச்சுன்னு? உங்கிட்டத்தான கேட்டேன்?" என்றார். நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எனக்கு அது தகாது. மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்பு, வாழப்பாடி போலாம். நீயே சொல்லு" என்றார்.

சேலத்தில் பஸ் மாறி, வெயில் சாய்வதற்குள் போய்விட்டோம். பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம் என்று அத்தை நினைத்தார். பாய் விரித்தார், மோர் கொடுத்தார். அவரை நான் நங்கை என்றும் மாமாவை அண்ணன் என்றும் கூப்பிடுவது உனக்குத் தெரியும். "நங்கை, அண்ணனை வெட்டினது இவரில்லீங்க, நானுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ், எழுத்து என்பதெல்லாம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. உன் அப்பா நெகட்டிவைக் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். அத்தை அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். நெகட்டிவில் கருப்பு வெள்ளையாகத் தெரியும், வெள்ளை கருப்பாகத் தெரியும் என்பது உனக்கு இப்போது பழகியிருக்கும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி கரியாக இருந்தது. பெண் வீட்டாரின் சலவைச் சட்டையெல்லாம் கரி. கடைசியில் நிற்கிற ஒருவருடைய சட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது. "இவருதான் இருக்கறதுலயே வெள்ளைச் சட்டை போட்டிருக்கறாரு" என்றார் அத்தை. தம்பியைப் பார்த்தார். "உன்னைய நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டேன் சாமி" என்றார். அறுபது வயதைத் தாண்டிய உன் அப்பா அக்காவின் சேலைத் தலைப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.  என்னை மன்னித்தேன் என்று அத்தை சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் பெரிதாக்கிக் கொடுத்த லைசென்ஸ் படம் அங்கே மாலையோடு மாட்டியிருக்கிறது. அந்தப் படம் எடுத்தபோது ஃபிளாஷ் அடித்ததில் மாமா கண்ணை மூடிவிட்டார், மூடிய கண்ணோடுதான் இத்தனை வருடமாக அங்கே இருக்கிறார். அத்தை திரும்பி என்னைக் கேட்டார். "அம்மிணி, இதுல அவரு கண்ணு தொறந்திருக்குதா?"

நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். உன் அப்பா போனில் படம் எடுத்து, கருப்பை வெள்ளையாகத் திருப்பி, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். முகம் இருக்கிற இடம் வெறும் புள்ளியாக வந்தது. "பிரிண்ட் போட்டாத்தான் தெரியுமுங்க நங்கை" என்றேன். "யாரு போடுவா?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அப்ப நான் பாத்துட்டு இருக்கறேன்னு சொல்லு" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தோடு நெகட்டிவையும் அனுப்புகிறேன். கூரியரில் போட உன் அப்பாவுக்கு மனசில்லை, அவரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூருக்கு வருகிறார். எண்பது லென்ஸை மாட்டு. அவசரப்படாதே, தெளிவு பார்த்துவிட்டு மூன்று, நான்கு பிரதி போட்டுப் பார். நீ டார்க் ரூமுக்குள் இருக்கிற வரைக்கும் அவர் வெளியேதான் நிற்பார், கதவைத் திறந்ததும் முதலில் அவர் கேட்பார், இருந்தாலும் பொறுத்துக்கொள்ளச் சொல். முதலில் அத்தைக்குப் போன் செய். நல்ல பிள்ளை என்று பேர் வாங்குவதற்காகவும், வயதானவர் மனது நோகக் கூடாது என்பதற்காகவும் எதையும் மாற்றிச் சொல்லாதே. கண் திறந்திருந்தால் திறந்திருக்கிறது என்று சொல். மூடியிருந்தால், மூடித்தான் இருக்குது அத்தை என்று சொல்லிவிடு சாமி.

உன் அம்மா